ஏழாவது பிரிவும் மீசைக்காரரின் சோப்பு நுரையும்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான், அம்மா, மாடியில் உன் மாமா மூவரும் சுகம். குளியலறைக் குழாய் மட்டும் கொஞ்சம் மனவருத்தத்தில் இருக்கிறது. அங்கே நீயும் உன் சளியும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. சளி போய்விட்டிருந்தால் உன்னைப் பற்றி மட்டும் எழுதினால் போதும். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொண்டு, "இப்படியா நடந்துச்சு? கூட்டிச் சொல்லாதீங்க" என்று வரிக்கு வரி திருத்துவாள். கோப்பு திருத்திப் பழகிய வாய். அதனால் அவள் அலுவலகம் போன கையோடு கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன். இதில் கூட்டல் எதுவும் கிடையாது. இருந்தால் கொஞ்சம்தான்.

உன் அம்மாவின் உத்தியோகம் உனக்குத் தெரியாததா? இடுப்பளவு ஆற்றில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்று நீர்மட்டம் பார்க்கிற இளநிலைப் பொறியாளராகத் தொடங்கியவள், இன்று தேசத்துக்கே நீர்க் கொள்கை எழுதுகிற நாற்காலியில் இருக்கிறாள். நானும் எழுதிப் பிழைக்கிறவன்தான், ஒரு கம்பெனி சோப்புக்கு விளம்பர வாசகம். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் இந்த நாட்டைக் குளிப்பாட்டுகிறோம் என்று நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்லி அவளிடம் முறைப்பு வாங்குவது என் வழக்கம். அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு: எந்த விதியையும் ஊர்மேல் போடுவதற்கு முன்னால் நம் வீட்டின்மேல் போட்டுப் பார்த்துவிட வேண்டும். முதல் கொள்கையில் குடிநீருக்கே முதலிடம் என்று எழுதியபோது, சமையலறைப் பாத்திரம் எல்லாம் நிறையும்வரை நீயும் நானும் பல் விளக்காமல் வாயைப் பொத்திக்கொண்டு வரிசையில் நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? இரண்டாவது கொள்கையில், பயன்படுத்திய நீரை மறுபடி பயன்படுத்துவது வந்தது. நான் உன் ஜீன்ஸைத் துவைத்த தண்ணீரைக் கொண்டுபோய் ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு, பூ நீலமாகப் பூக்கும் என்று காத்துக்கிடந்தேன். அது பூக்கவில்லை, போய்ச் சேர்ந்துவிட்டது. மறுநாளே அந்தப் பிரிவில் 'சோப்பு கலவாத' என்கிற சொல் ஏறிவிட்டது. மற்றவர்கள் கொள்கை எழுத மக்கள் கருத்துக் கேட்பார்கள். உன் அம்மாவுக்கு நான்தான் மக்கள்.

இப்போது நடப்பது மூன்றாவது, ஓய்வு பெறுவதற்கு முன்னால் அவள் எழுதுகிற கடைசிக் கொள்கை. அதில் ஏழாவது பிரிவுதான் அவளுக்கு உயிர். ஆற்றின் மேல்பகுதியில் இருப்பவர் மதகை மூடுவதற்கு முன் கீழ்ப்பகுதியில் இருப்பவருக்குச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். கேட்டால் சின்னக் குழந்தைக்குச் சொல்கிற புத்திமதி மாதிரி இருக்கும். ஆனால் அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலே சொல்லாமல் மூடிவிட்டதால் கீழே ஓர் ஊரின் ஆஸ்பத்திரியில் அறுவைச் சிகிச்சை செய்யக் கை கழுவத் தண்ணீர் இல்லாமல் டாக்டர்கள் நின்றதை நேரில் பார்த்தவள். அன்றிலிருந்து மண்டைக்குள் இருந்த பிரிவு இது. இதற்குக் குறுக்கே நின்றவர்கள் இரண்டு பேர். மேல்பகுதியின் தலைமைப் பொறியாளர், நான் வைத்த பெயர் மீசைக்காரர். கீழ்ப்பகுதியின் தலைமைப் பொறியாளர், எந்த நாற்காலியிலும் மடியிலிருந்து பையை இறக்காத கைப்பை மேடம். மீசைக்காரர் "என் மதகை நான் மூடறதுக்கு யாரைக் கேக்கணும்?" என்பார். மேடம் "சும்மா சொல்லிட்டாப் போதுமா? எங்க காதுல விழுந்துச்சான்னு யாரு பாக்கறது?" என்பார். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் பிரிவு இருக்கட்டும், இல்லாவிட்டால் எடுத்துவிடுங்கள் என்று அமைச்சர் சொல்லிவிட்டார். உன் அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை. நான் எழுதிய விளம்பரத்தைக் கிண்டல் செய்வதைக்கூட நிறுத்திவிட்டாள் என்றால் பார்த்துக்கொள்.

வழக்கம்போல வீட்டில் பரீட்சையும் ஆரம்பமாகியிருந்தது. மாமா மேல்பகுதி, நான் கீழ்ப்பகுதி. நம் தளத்துக்கு வருகிற தண்ணீரின் வால்வு அவருடைய பால்கனியில்தானே இருக்கிறது, அதை மூடுவதற்கு முன் எனக்குச் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. தபால் இலாகாவில் ஓய்வு பெற்ற மனுஷனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? சும்மா இருந்த மச்சான் கடமையில் குதித்துவிட்டார். "மாப்பிள்ளே, மூடப்போறேன்" என்று காலையில் ஒரு போன், "மாப்பிள்ளே, தொறந்துட்டேன்" என்று இன்னொரு போன், "மாப்பிள்ளே, இன்னிக்கு மூடறதா இல்லை" என்று மத்தியானம் ஒரு போன்.

இந்த நிலைமையில்தான் அம்மா அந்த இருவரையும் ஞாயிற்றுக்கிழமை தேநீருக்கு வீட்டுக்குக் கூப்பிட்டாள். அலுவலகத்தில் ஜன்னல் பக்கம் யார் உட்காருவது என்பதற்கே அவர்களுக்குள் சண்டையாம். அடுத்தவர் வீட்டில் என்றால் கொஞ்சம் அடக்கமாக இருப்பார்கள் என்பது அவள் கணக்கு. எனக்கு மூன்று கட்டளை: தேநீர் ஊற்று, போனை அணை, வாயை மூடு. முதல் இரண்டையும் செய்துவிட்டேன். மூன்றாவதற்கு நான் பிறக்கவில்லை. பேச்சு முட்டிக்கொண்டு நின்றபோது, சும்மா இருக்க மாட்டாமல், ஆறு எப்படி வளைந்து வரும் என்று கையை வளைத்துக் காட்டப்போனேன். கையில் தேநீர்க் கெட்டில் இருந்தது மறந்துபோய்விட்டது. மீசைக்காரரின் மீசை, வெள்ளைச் சட்டை, மடி என்று மேலிருந்து கீழாக, ஆறு போகிற வழியிலேயே போயிற்று. நல்லவேளை, ஆறிய தேநீர். மனுஷன் எழுந்து நம் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். உள்ளே என் கம்பெனி சோப்பு. இரட்டிப்பு நுரை என்று எழுதிய நானே அதை நம்பியதில்லை, அன்றைக்குத்தான் நம்பினேன்.

கொஞ்ச நேரம் தண்ணீர்ச் சத்தம். அப்புறம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து ஒரு கர்ஜனை. "யாருய்யா தண்ணிய மூடினது? மூடறதுக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்ற வழக்கமே கிடையாதா இந்த வீட்ல?" கைப்பை மேடம் எழுந்துபோய்க் கதவுக்கு அருகில் நின்று, ரொம்ப மரியாதையாக, "சார், இதைத்தான் நான் பல வருஷமா உங்களைக் கேட்டுக்கிட்டிருக்கேன்" என்றார். அதற்குள் மாடிப்படியில் தடதடவென்று மாமா, கையில் தொட்டி கழுவுகிற பிரஷ்ஷோடு. "நான் சொல்லிட்டுத்தான் மூடினேன்! மூணு தடவை மாப்பிள்ளைக்குப் போன் போட்டேன், அவர் எடுக்கலை. என் கடமை முடிஞ்சுதா இல்லையா?" கதவு நாலு விரல் திறந்தது. நுரைக்குள்ளிருந்து இரண்டு சிவந்த கண். "நீங்க எங்க வேலை பாத்தீங்க?" "தபால் இலாகா." "சேராத தபாலுக்கு முத்திரை குத்தினாப் போதுமாய்யா? அந்த ஆள் காதுல விழுந்துச்சான்னு பாக்க வேணாமா?" சொல்லி முடித்த பிறகுதான் மீசைக்காரருக்குத் தான் யார் பேச்சைப் பேசினோம் என்று உறைத்திருக்க வேண்டும். கதவு மெதுவாகச் சாத்திக்கொண்டது.

இப்போதே கேட்டுவிடு, இந்த நிலைமையில் எதற்கும் சம்மதிப்பார் என்று நான் அம்மாவுக்குக் கண்ணால் ஜாடை காட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நான் பாதியாகிவிட்டேன். சமையலறையிலிருந்து வாளித் தண்ணீரைத் தானே தூக்கிவந்து கதவடியில் வைத்துவிட்டு, "கண்ணுல சோப்போட இருக்கிறவர்கிட்ட வாங்கற சம்மதம் எனக்கு வேண்டாம். முதல்ல குளிச்சிட்டு வரட்டும்" என்றாள். இவளைக் கட்டிக்கொண்டு இத்தனை வருஷமாகியும் எனக்குப் புத்தி வரவில்லையே என்று கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது.

மீசைக்காரர் என் சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். வயிற்றுக்கு நேரே இருக்கிற பொத்தான்கள் வேலைநிறுத்தம். இருந்தாலும் மனுஷன் விட்டுக்கொடுக்கவில்லை. "சரி, கேட்டுச்சுன்னு பதில் வர்ற வரைக்கும் மூடக் கூடாதுன்னே வெச்சுக்குவோம். கரை உடைஞ்சு கொட்டும்போதும் பதிலுக்காக நின்னுக்கிட்டிருக்க முடியுமா?" என்றார். நியாயமான கேள்வி. கைப்பை மேடம் யோசித்தார். "உடைஞ்சா மூடுங்க சார், யார் வேண்டாங்கறா? மூடின கையோட சொல்லிடுங்க" என்றார். சொல்லிவிட்டுப் பையை மடியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். நான் பார்த்தேன், சத்தியமாக வைத்தார். அம்மா அங்கேயே இரண்டு வரி எழுதி வாசித்தாள்: மூடும் செய்தி கிடைத்ததாகக் கீழ்ப்பகுதி பதில் தரும்வரை மதகை மூடக் கூடாது, உடைப்பு நேர்ந்தால் மட்டும் உடனே மூடி உடனே தெரிவிக்க வேண்டும். இருவரும் ம் என்றார்கள். அந்த இரண்டு ம்-க்காக இவள் தலைமுடியில் பாதி நரைத்திருக்கிறது.

நேற்று அமைச்சரவையில் கொள்கை நிறைவேறிவிட்டது, ஏழாவது பிரிவோடு. எழுதியவர் பெயர் அதில் எங்கேயும் இருக்காதாம், அரசாங்கக் காகிதத்துக்கு அப்படி வழக்கம் கிடையாதாம். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தப் பிரிவில் தேநீரைக் கொட்டியவன் என்ற முறையில் எனக்கும், போனை எடுக்காதவன் என்ற முறையில் மறுபடி எனக்கும் பங்கு உண்டு என்று சொல்லிப் பார்த்தேன். பிரிவு வேண்டுமானால் உங்களுடையதாக இருக்கட்டும், கறை என்னுடையதா என்று கேட்டுவிட்டுத் தரைவிரிப்பைக் காட்டினாள். அதைத் துவைப்பது என் தலையில்.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எங்கே இருந்தாலும் நீ நல்லா இருக்க வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உனக்கு உண்டு. மறக்காமல் ஒன்று. கொள்கை நிறைவேறியதும் அம்மா முதலில் சொன்னது உனக்குத்தான், செய்தி அனுப்பினாள். நீ கட்டைவிரல் பொம்மை ஒன்றை அனுப்பினாயாம். வேலையாக இருந்திருப்பாய், தெரியும். ஆனால் நேற்று சாயங்காலமெல்லாம் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கேட்டால் மணி பார்க்கிறேன் என்கிறாள், எதிர்ச் சுவரில் கடிகாரம். கூப்பிட்டு உன் வாயால் ஒரு வார்த்தை பேசு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

இப்படிக்கு,
தரைவிரிப்பு ஊறவைத்துவிட்டுத் தண்ணீருக்குக் காத்திருக்கும்
உன் அப்பா