ஒகேனக்கல் போவதற்கு முன்னால்

மோகனூர்
9-8-1979

அன்பு மகள் வசந்தாமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் சுகம், அங்கே பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் சுகமாக இருக்க நம் ஊர்ச் சாமி நாவலடியான் துணையிருப்பான். அப்பாவுக்கு இப்போது ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பதறாமல் படி.

நீ சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்ட நாளிலிருந்து உன் பேரையே எடுக்காத மனுசர், "ஊட்டுக்கு வேண்டாம், ஒகேனக்கல்லுக்கு வரச் சொல்லு, அங்க வந்து புள்ளையப் பாத்துக்கறேன்" என்று சொன்னாரே, அதுவே போதும் என்று நான் புளிச்சோறு கட்டுவதா எலுமிச்சைச் சோறு கட்டுவதா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். போன செவ்வாய்க்கிழமை கிணற்று மோட்டாருக்குச் சாமான் வாங்கச் சேலம் போகிறேன் என்று கிளம்பினார். பொழுது சாயும் நேரத்தில் லாரி ஓட்டுகிற பக்கத்து வீட்டுச் சின்னண்ணன் வாசலில் வந்து நின்று, "ஏனுங்கம்மா, அய்யன் பென்னாகரத்துல ஒகேனக்கல் பஸ் ஏறுனதப் பாத்தனுங்க, அங்க வெள்ளம் வந்து பரிசல் கவுந்துருச்சுன்னு பேசிக்கறாங்க, அய்யன் வந்துட்டாருங்களா" என்று கேட்டான். உனக்குத் தந்தி கொடுக்கலாம் என்றான், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவனையே திரும்பப் போய்ப் பார்த்துவரச் சொன்னேன். மறுநாள் மத்தியானம் அவன் லாரியிலேயே வந்து இறங்கினார், வேட்டியெல்லாம் சேறு, முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது, போய் வெந்நீர் வைத்தேன்.

பாப்பாவைப் பரிசலில் ஏற்றலாமா என்று தானே ஒரு தடவை போய்ப் பார்க்கத்தான் போயிருக்கிறார். இரண்டு பக்கமும் சுவர் போலப் பாறை நிற்கிற இடுக்குக்குள் போனபோது தண்ணீர் செம்மண் நிறமாகி ஏறியதாம். பரிசல்காரர் தீர்த்தகிரி துடுப்பை ஊன்றி ஒரு பாறையில் ஒதுக்கி, இவரை மேலே ஏற்றிவிட்டு, "அசையாம உக்காருங்க சாமி" என்றாராம். கவிழ்ந்தது வேறு பரிசல், அதில் இருந்தவர்களையும் கயிறு போட்டு இழுத்துக் காப்பாற்றிவிட்டார்கள். தண்ணீர் இறங்குகிற வரைக்கும் இவர் அந்தப் பாறையிலேயே இருந்திருக்கிறார்.

சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே சொன்னார், "கால் வெக்க எடமில்லாத பாறையில நின்னப்பத்தான் நெனச்சேன் சௌந்திரம், பெத்த புள்ளைய இங்க வந்து நில்லுன்னு சொல்லியிருக்கறனே. நம்ம ஊட்டுக்கே வரச் சொல்லு. இங்கிருந்து எல்லாருஞ் சேர்ந்து போலாம்." பெரியப்பா சென்னியப்பன் ஏதாவது சொல்வாரே என்று கேட்டேன். "எங்கண்ணங்கிட்ட நாம் பேசிக்கறேன், நீ கடுதாசி எழுது" என்றார். அதன் பிறகுதான் கண்ணு எனக்கு மூச்சே வந்தது.

ஆவணியில் வேண்டாம், தை பிறக்கும்போது வாருங்கள், அதற்குள் தண்ணீர் தெளிந்துவிடும் என்கிறார் அப்பா. பொங்கலுக்கு இங்கே இருந்துவிட்டு அப்புறம் போகலாம், பரிசலுக்குத் தீர்த்தகிரியிடமே சொல்லிவைத்துவிட்டாராம். மாப்பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டு எழுது. தெரிந்தாலும் அருவிக்குக் கிட்டே போகக் கூடாது. பாறையில் பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு வேண்டாம். பாப்பாவுக்கு ஸ்வெட்டர் எடுத்து வா, பனிக்காலம் இருமல் பிடித்துக்கொள்ளும். மாப்பிள்ளைக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்பதுகூட எனக்குத் தெரியாது, அதையும் எழுது.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைந்த ஆயுசோடு இருங்கள். ஒன்று மறந்துவிடாதே, இத்தனை நாளும் என் பேருக்கே கடிதம் போட்டாய், இந்தப் பதிலை அப்பா பேருக்குப் போடு. தபால்காரர் வருகிற நேரம் எது என்று இன்று காலையில் என்னிடம் கேட்டார்.

இப்படிக்கு
உன் அம்மா
மு. சௌந்திரம்