செய்தியாகாத புகை

செப்டம்பர் 11, 1961

மகள் காலிதாவுக்கு இன்றும் மூச்சு இழுப்பு. பள்ளிக்கு அவளைக் கூட்டிப் போகவில்லை. ஜன்னலைச் சாத்தியும் பயனில்லை. கொடியில் காய்ந்த துணியெல்லாம் வெள்ளைப் பொடி. எங்கள் தெருவுக்கு மேற்கே சுண்ணாம்புக் காளவாசல். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று ஓயும்வரை அதன் புகை முழுவதும் எங்களுக்குத்தான்.

மாலையில் வழக்கம்போல் பெண்கள் பத்திரிகை கேட்க வந்தார்கள். முதல் பக்கம் முழுக்க ரஷ்யா வெடித்த அணுகுண்டு. வாசித்து முடித்ததும் ராக்கு கேட்டாள்: "அந்தத் தூசி இங்கன வருமா டீச்சர்?"

அவள் காளவாசலில் கல் சுமக்கிறவள். கேட்கும்போது அவள் இமை மயிரெல்லாம் சுண்ணாம்பு.

நவம்பர் 2

இதுவரை யாரும் வெடிக்காத பெரிய குண்டாம். படம் போட்டு, அம்புக்குறி போட்டு, தூசி எங்கெங்கே போகும் என்று விளக்கியிருக்கிறார்கள். ஓர் அம்பு எங்கள் பாம்பனைப் பார்த்து வருவதுபோலவே இருந்தது. பெண்கள் அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.

நவம்பர் 8

வடகிழக்கிலிருந்து வாடைக் காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. இந்த ஊரில் நல்ல தண்ணீருக்கு எவ்வளவு அலைகிறோம்! ஆனால் கூரைத் தண்ணீரை யாரும் பிடிக்கவில்லை. குடங்களைக் கவிழ்த்து வைத்துவிட்டார்கள். நான் பிடித்து வைத்ததையும் மாமி கொட்டினார். சண்டை போட்டேன். "ஒம் பேப்பர்லதானே போட்டிருக்கு" என்றார்.

நவம்பர் 10

கொழும்பிலிருந்து மச்சான் கடிதம். என் மகளை மழையில் நனைய விடாதே என்கிறார். அங்கேயும் அதே பத்திரிகைப் பேச்சுதான் போலிருக்கிறது.

நவம்பர் 16

காலிதாவுக்கு இழுப்பு நின்றுவிட்டது. மழையில் நனைந்துகொண்டே ஓடினாள், ஒன்றும் ஆகவில்லை.

ஆனால் காளவாசலுக்கு அந்தப் பக்கம், குடிசைகளில், பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படுக்கின்றன. ராக்குவின் கைக்குழந்தை இராமலட்சுமிக்கு நெஞ்சு குழி விழுந்து இழுக்கிறது. அணுகுண்டு மழை என்கிறார்கள் எல்லோரும். காற்று திரும்பிவிட்டது, புகை இப்போது அவர்கள் பக்கம் போகிறது — இது கண்ணுக்குத் தெரியவில்லையா?

ராக்குவிடம் சொன்னேன். "பொகை எப்பவும் இருக்கிறதுதானே டீச்சர். அதப் பத்திப் பேப்பர்ல ஒண்ணும் போடலையே" என்றாள்.

சரி, போட வைக்கிறேன்.

நவம்பர் 18

பத்திரிகைக்கு எழுதி அனுப்பினேன். காளவாசல் எங்கே இருக்கிறது, எந்தக் காற்றில் எந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இழுக்கின்றன, எல்லாம் விவரமாக.

நவம்பர் 27

வந்துவிட்டது. "பாம்பனில் அணுமழை? குழந்தைகளுக்கு மூச்சுத் திணறல் — ஆசிரியை தகவல்."

காளவாசல் என்ற சொல்லே இல்லை. காற்றும் இல்லை. பிள்ளைகளின் இழுப்பையும் என் பெயரையும் மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் வெட்டிவிட்டார்கள். பாவிகளா, நான் எழுதினது என்ன, நீங்க போட்டது என்ன!

நவம்பர் 29

தலைமையாசிரியர் கூப்பிட்டுக் கண்டித்தார். ஊரைப் பீதிப்படுத்துகிறேனாம்.

திரும்பி வரும் வழியில் காளவாசல் முதலாளி மலையாண்டி நிறுத்தினார். "படிச்சேன் டீச்சர். நல்லா எழுதியிருக்கீக. ரசியாக்காரன் பண்ற அநியாயத்தை நீங்களாச்சும் கேட்டீகளே" என்றார். அவர் முதுகுக்குப் பின்னால் புகை எழும்பிக்கொண்டிருந்தது. மரியாதைக்கு அவரே எனக்கு வழிவிட்டு நின்றார். வீட்டுக்கு வந்து அழுதேன்.

டிசம்பர் 5

மதுரையிலிருந்து நிருபர் வந்தார். பெண்கள் மழைத் தண்ணீரைக் கொட்டுவதுபோல் நிற்க வைத்துப் படம் எடுத்தார். கையைப் பிடித்து இழுக்காத குறையாக அவரைக் காளவாசலுக்கு அழைத்துப் போனேன். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டு பார்த்தார்.

"காளவாசல் எல்லா ஊர்லயும் இருக்கும்மா. இது செய்தியில்லை."

கைக்குட்டையை எடுக்காமலே சொன்னார்.

டிசம்பர் 12

இராமலட்சுமிக்கு உதடு நீலம் பாய்ந்துவிட்டது. யாரையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை; குழந்தையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். ராக்கு பின்னாலேயே ஓடி வந்தாள். மாமி முதலில் முகத்தைச் சுளித்தார், பிறகு அவரே வெந்நீர் வைத்தார். காலிதாவின் பாயில் தாயும் பிள்ளையும் படுத்திருக்கிறார்கள்.

டிசம்பர் 15

குழந்தை பால் குடிக்கிறது. மூச்சு சீராகிவிட்டது. பார்க்க வந்த ராக்குவின் புருஷன் முனியசாமி கும்பிட்டான். "ஓட்டு வீட்டுக்குள்ள அணுகுண்டுத் தூசி எறங்காதுல்ல டீச்சர்" என்றான். தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ராக்கு மட்டும் கதவோரம் நின்று காளவாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாடை ஓயும்வரை இங்கேயே இரு என்று அவளிடம் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 9, 1962

பத்திரிகை முழுக்கத் தேர்தல். அணுகுண்டைக் காணோம். காளவாசல் புகைகிறது.

மார்ச் 3

வாடை ஓய்ந்துவிட்டது. ராக்கு பிள்ளையுடன் குடிசைக்குத் திரும்பினாள். அந்தக் காளவாசலுக்கே கல் சுமக்கப் போகிறாள். வேறு வேலை எங்கே இருக்கிறது?

மே 20

மறுபடி எழுதினேன், கலெக்டருக்கும் மனுப் போட்டேன். யாரிடமிருந்தும் பதில் இல்லை. பத்திரிகை வாசிப்பதை நிறுத்திவிட்டேன். பெண்கள் வேறு வீடு பார்த்துக்கொண்டார்கள்.

காலையில் கொடித் துணியில் மறுபடி வெள்ளைப் பொடி. காலிதா இருமினாள்.

வாசலில் ராக்கு, இடுப்பில் குழந்தை. பத்திரிகை கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்து, வாசிப்பதில்லை என்றேன்.

"அதுக்கு வரல டீச்சர். கச்சான் எறங்கிருச்சு. எங்க பக்கம் இப்பப் பொகை இல்ல. குடிசையைக் கூட்டி வச்சிருக்கேன், காலிதாவைக் கூட்டிக்கிட்டு வாங்க."

மாமியைப் பார்த்தேன். அவர் காலிதாவின் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.