கடைசி வரி வாசிக்கிற கண்

நவ. 4, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். உத்திரமேரூர் கண் மையத்தில் கூட்டம் குறைவு. டாக்டர் வரும் நாள். என் வீட்டுக்காரரைச் சோதனைக்கு வரச்சொல்லி ஆறு மாதமாகக் கெஞ்சினேன், இன்றைக்குத்தான் வந்தார். ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறவள் நான். சொந்தப் புருஷன் கண்ணைச் சோதிக்க ஆறு மாதம். அதுவும் பள்ளி வேன் ஓட்டுகிறவர். இவர் அப்பாவுக்கும் கண் போனது இப்படிக் காட்டாமல் விட்டுத்தான்.

கண் அழுத்தம்: வலது 34, இடது 36. இருபத்தொன்றைத் தாண்டக் கூடாது. மறுபடி எடுத்தேன். அதேதான்.

அடுத்து பார்வைப் பரப்புச் சோதனை. நடு விளக்கையே பார்க்கணும், ஓரத்தில் புள்ளி மின்னினால் பொத்தானை அமுக்கணும். இவர் புள்ளியைத் தேடிக் கண்ணை உருட்டுகிறார்.

"நேரா பாருங்க."

"பாத்துக்கினுதான கீறேன்."

மூன்றாம் முறைதான் ஒழுங்காகச் செய்தார். தாளில் நடுவில் மட்டும் கொஞ்சம் வெள்ளை. ஓரமெல்லாம் கறுப்பு, அங்கே பார்வை இல்லை. இடது ரொம்ப மோசம்.

டாக்டர்: குளுக்கோமா, கண் அழுத்த நோய். செத்த நரம்பு செல் திரும்பாது. இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து, காலை மாலை. வண்டி கூடாது.

இவர் எழுந்து எழுத்துப் பலகையில் கடைசி வரியைக் கடகடவென்று வாசித்தார். "இன்னா சார், எல்லாம் தெரியுதே."

நவ. 5, புதன்

மழை. மாவு அரைக்கணும். ரேஷன் மறந்தாச்சு.

மச்சாண்டார் வந்தார், தம்பிக்கு வக்காலத்து. "பேப்பர் படிக்கிறான், ஊசில நூலு கோக்கிறான். அவன் கண்ணுக்கு இன்னா கேடு? உன் மிஷினுதான் பேஜாரு." மூன்று தோசை சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

பயிற்சியில் படித்ததை இவருக்கு வரைந்து காட்டினேன். விழித்திரையில் நரம்பு செல் ஒரே வகை இல்லை. நடுவில் குட்டி செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு. எழுத்து, நிறம், நுணுக்கம் எல்லாம் அவை வேலை. குடை விரித்த மாதிரி பெரியவை வேறு, அசைவைப் பிடிக்கும். எல்லாவற்றின் நரம்பும் ஒரே கட்டாகச் சேர்ந்து மூளைக்கு.

"உங்களுக்கு நடு பொயச்சிக்கிச்சி. ஓரம் செத்துட்டுது. ஓரத்துலேர்ந்து புள்ள ஓடியாந்தா யாரு பாக்கறது?"

குரங்குக் கண்ணை ஆராய்ந்து கண்டது, நமக்கும் அதே அமைப்புதான் என்றேன்.

"கொரங்குக்கும் எனக்கும் ஒரே கண்ணா?"

"புத்தியும்."

சிரித்துக்கொண்டே வேனை எடுத்துக்கொண்டு போனார். மாலை வேன் திரும்பும் வரை கைபேசியைப் பார்த்தபடியே வேலை செய்தேன்.

நவ. 6, வியாழன்

வெயில். பஸ் ஸ்டாண்டில் ராணியக்கா. என் வீட்டுக்காரர் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர்.

"லெப்ட்ல ஆளு, லெப்ட்ல சைக்கிளுன்னு நான் சொல்லிக்கினே வரணும் உன் வூட்டுக்காரருக்கு. ஒரு வருசமா இதே கதை. நான் லீவுன்னா அவரும் லீவு. அடுத்த மாசம் நான் நின்னுடறேன், அப்புறம் இன்னா பண்ணுவாரோ."

ஒரு வருடம். தெரியாத மனுஷன் என்று நினைத்துப் படம் போட்டுப் பாடம் நடத்தியிருக்கிறேன். தெரிந்தே ஓட்டியிருக்கிறார். தெரிந்தேதான் டாக்டர் எதிரில் கடைசி வரியை வாசித்துக் காட்டினார். எங்கள் ஊர் பெருநகர்ப் பிள்ளைகள் முழுக்க அந்த வேனில். எத்தனை அம்மாக்கள் எனக்குக் கை காட்டிப் பிள்ளைகளை ஏற்றி அனுப்புகிறார்கள்.

ராத்திரி இவரிடம் கேட்டேன். தட்டைப் பார்த்தே சாப்பிட்டு முடித்தார். இவ்வளவு கோபம் எனக்கு இதுவரை வந்ததில்லை.

நவ. 7, வெள்ளி

காலை ஆறு மணி. மூட்டம். பள்ளித் தாளாளருக்கு நானே போன் போட்டேன். எல்லாம் சொன்னேன்.

"நீங்க யாரும்மா?"

"அவரு சம்சாரம்."

வேறு டிரைவரை அனுப்புகிறேன் என்றார்.

மச்சாண்டார் தெருவுக்கே கேட்கக் கத்தினார், புருஷன் பிழைப்பில் மண்ணைப் போட்டவள் என்று. இவர் உள்ளேயே உட்கார்ந்திருந்தார்.

மாலை ஆறு. சொட்டு மருந்து எடுத்துப் போனேன். தலையைச் சாய்த்துக் கொடுத்தார். மேலே பார்த்தபடியே சொன்னார்:

"நீ சொல்லிடுவன்னு தெரியும். ராணியும் நின்னுடப் போறாங்க, ஸ்கூல்ல சொல்ல எனக்கு வாய் வரல. அதுக்குத்தான் உன்கிட்ட வந்து டெஸ்ட்டு எடுத்துக்கினேன்."

ஆக, பழி எனக்கு. நிம்மதி இவருக்கு.

இரண்டு கண்ணிலும் விட்டேன்.

"எரியுது" என்றார்.

எரியட்டும்.