சமையலம்மா

டிசம்பர் 8, அமலோற்பவ மாதா திருநாள்

அன்புள்ள தம்பிக்கு,

பங்கு மக்களுக்கு நீ பூசை வைக்கிற சாமி, எனக்குத் தம்பிதான். உன் நலமறிய ஆவல். கேக் தபாலில் அனுப்பியிருக்கிறேன், சர்க்கரை தாராளமாகப் போட்டு.

போன கடிதம் முழுக்க உன் சமையலம்மா புராணம். சமைக்க வருகிறவளை அக்கா என்றால் போதாதா? அம்மா என்ற சொல்லைத் தூக்கிக் கொடுத்துவிட்டாயே.

உன்னைப் பெற்றவள்

டிசம்பர் 19

அன்பு அம்மாவுக்கு,

கேக் வந்தது, நன்றி. வரிசையாக வந்து பாவத்தைச் சொல்கிறவர்களின் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கேட்டுக் காது அடைத்துவிட்டது. சமையலம்மா என்று ஊரே கூப்பிடுகிறது, நான் வைத்த பெயரில்லை. கிறிஸ்துமஸுக்கு வர முடியாதம்மா. ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாளுக்கு நீங்கள் வாருங்களேன்.

உங்கள் மகன்

திருக்குடும்பத் திருநாள், ஞாயிறு

தம்பிக்கு,

குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட வேண்டுமென்று இன்று பிரசங்கம். கேட்டுவிட்டு வந்து தனியாகச் சாப்பிட்டேன்.

கிறிஸ்துமஸ் குடில் முன் நீ நிற்பதாக அனுப்பிய படத்தில் ஒரு பெண்ணின் கை உன் அங்கிச் சுருக்கத்தை நீவிவிடுகிறது. யார் கை என்று நான் கேட்கவில்லை. வருகிறேன். அவளுக்கு லீவு கொடு.

உன்னைப் பெற்றவள்

ஜனவரி, ஆண்டவர் ஞானஸ்நானத் திருநாள்

தம்பிக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். வீட்டுக் குடிலைப் பிரித்துப் பெட்டியில் கட்டி வைத்துவிட்டேன்.

உன் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் உனக்குக் காபி கலந்தேன். சர்க்கரை போட்டதும், நீ லீவு கொடுக்காத அவள் கோப்பையை வாங்கிவிட்டாள். "சாமிக்குச் சர்க்கரை வியாதி. ரெண்டு வருஷமா ஊசி போட்டுக்கறார். உங்களுக்குத் தெரியாதா?" நீ தலை குனிந்து, "கவலைப்படுவீங்கன்னுதான் சொல்லலைம்மா" என்றாய். அந்தக் காபியை அவள் தலையில் கவிழ்க்கலாம் போலிருந்தது.

மறுநாள் பூசையில் நீ நற்கருணை அப்பத்தோடு நின்று என்னைத் தேடினாய். வன்மம் வைத்த அந்த மனசோடு அதை எப்படி வாங்குவேன்? பெஞ்சிலேயே இருந்தேன். பக்கத்தில் யாரோ எழாமல் இருக்கிறார்களே என்று பார்த்தால், அவள்.

"நீங்க போகலையா?" என்றேன்.

"போகலைங்க. நீங்க வர்றீங்கன்னு சொன்ன நாள்லேருந்து எனக்கும் வயிறு எரியுது. நீங்க கூப்பிட்டா சாமி உங்க பின்னாலயே வந்துருவார். நான் யாரு?"

பூசை முடியும்வரை இருவரும் முழங்காலில் இருந்தோம். வெளியே வரும்போது படியில் அவங்க கையைப் பிடித்துக்கொண்டுதான் இறங்கினேன்.

உன்மேல் உள்ள கோபம் தீரவில்லை, தம்பி. உன் உடம்பைப் பற்றி இனி உன்னிடம் கேட்கப்போவதில்லை. மாதாமாதம் அவங்களே எனக்கு எழுதுவதாகச் சொல்லியிருக்காங்க. முதல் கடிதத்துக்குக் காத்திருக்கிறேன்.

உன்னைப் பெற்றவள்