கோபாலனுக்கு எழுதாத கடிதம்

12 ஜனவரி 2025, ஞாயிறு.

லினக்ஸ் இயங்குதள வெளியீட்டில் நான் பராமரிக்கும் மென்பொருள் பேக்கேஜிலிருந்து, பிற புரோகிராம்களுக்குள்ளேயே சேர்த்துக் கட்டிவிடக்கூடிய ஸ்டாட்டிக் லைப்ரரியை இம்மாதம் 3ஆம் தேதி நீக்கினேன். இன்று காலை லேக் மார்க்கெட் காபிக் கடையில் கோபாலன் அதற்காக என்னைப் பிடித்துக்கொண்டார். துறைமுக அலுவலகத்தில் இருபத்தாறு ஆண்டுகள் எனக்கு அடுத்த மேசையில் இருந்தவர்; இப்போது சுந்தரவனத் தீவுப் பள்ளிகளின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறார்.

“ஓய், சுந்தரவனத்துப் பள்ளிக்கூடத்துல நெட் ஏது? புரோகிராம், லைப்ரரி எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல அடக்கி பென் டிரைவ்ல கொண்டுபோறேன். இனிமே எதை வெச்சு அடக்கறது?”

“லைப்ரரியில பாதுகாப்பு ஓட்டை வந்தா உம்ம ஃபைல் ஒவ்வொண்ணையும் தேடிப்போய் மாத்தணுமே ஓய். தனியா இருந்தா அதை மட்டும் சரி பண்ணிடலாம்.”

“சரி பண்ண அங்க யார் வரா? நான்தானே படகுல போறேன்?”

வழக்கம்போல் மெட்ரோ வரை என்னோடு நடக்கவில்லை. ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்.

என் வாதம் சரியானது, இப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் நீக்குமுன், பயன்படுத்துவோரைக் கேட்பது முறை. மற்ற நால்வருக்கும் எழுதினேன். அவருக்கு மட்டும் எழுதவில்லை. என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை என்பதும் அன்றே தெரியும்.