மாலைக்குள் வெள்ளைத்துரை

ஜூன் 9
ஃப்ளெக்ஸ் கடையில் ஆர்டர் எடுக்கும் என் அக்கா சத்யப்ரியாவுக்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வாட்ஸப்பில் வரும் ஆர்டரை ஒட்டினால் போதும், பெயரும் படமும் தானாகப் பேனரில் உட்கார்ந்துகொள்ளும். சோதிக்கும்போது ஓனர் ஜெயபாண்டி அண்ணன் தலையை ஜல்லிக்கட்டுக் காளைக்கு வைத்தேன். அக்கா முறைத்தாள்.
"பைத்தான்ல எழுதுனேன்க்கா."
"பைத்தியம்னு தெரியும். புதுசா ஏதாச்சும் சொல்லு."

ஜூன் 12
அக்கா மதியமே வேலையை முடித்துவிடுகிறாளாம். எனக்கு ஜிகர்தண்டா.

ஜூன் 14
பெரிய தப்பு நடந்துபோச்சு.
காதுகுத்து ஆர்டரில் முதலில் தாய்மாமன் பெயர்தான் வரும், அவர் படம்தான் பெருசு. அதை வைத்து எழுதினேன்: முதல் பெயருக்குப் பெரிய படம். அலங்காநல்லூர் வெள்ளைத்துரை, இறந்துபோன தன் அப்பா சின்னானுக்குக் கண்ணீர் அஞ்சலி கேட்டிருக்கிறார். முதலில் தன் பெயரை எழுதிவிட்டார். இப்போது பேனரில் மாலைக்குள் சிரிப்பது அவர். கீழே 'கண்ணீருடன் மகன்' என்ற இடத்தில் செத்துப்போன சின்னான்! பிரிண்ட் போகும் முன் யாரும் சரிபார்க்கவில்லை. ஊர் முக்கில் கட்டியே விட்டார்கள். டியூஷன் முடிந்து வந்த வெள்ளைத்துரை மகள் அதைப் பார்த்து மயங்கி விழுந்துட்டாளாம்.
அக்கா ஒன்றுதான் கேட்டாள்: "இதுலயுமாடி உன் சேட்டை?"
சத்தியமா இல்லக்கா. நம்புனாளா? தெரியல.

ஜூன் 15
கடை வாசலில் வெள்ளைத்துரையின் ஆட்கள். "இதை யாரு செஞ்சதுன்னு நாளைக்கு எனக்குத் தெரியணும்" என்றாராம். ஓனர் அக்காவிடம், "பதிலோட வா. இல்லேன்னா வராத."


ஜூன் 16, காலை
எழுந்து பார்த்தால் அக்கா என் புரோகிராமை வரி வரியாகப் படித்துக்கொண்டிருக்கிறாள். பி.காம். படித்தவள்!
"தப்பு இந்த வரிதான?"
அதே வரி. எப்படி?
"நீ எழுதுறப்ப பக்கத்துல சும்மாவா உக்காந்திருந்தேன்?"
அவளே திருத்தினாள். இனி அஞ்சலி என்றால் புரோகிராம் 'மறைந்தவர் யார்?' என்று கேட்கும். பதில் வராமல் பிரிண்ட் போகாது.
"நானும் வாரேன்க்கா. நான்தான்னு சொல்றேன்."
"நீ சொன்னா சேட்டைன்னுதான் நெனப்பாய்ங்க. பேசாம இரு."
தனியாகப் போனாள். போனை எடுக்க மாட்டேங்குறா. அடிச்சிருப்பாய்ங்களோ?

மாலை
வந்துவிட்டாள்! தப்பு எங்கே நடந்தது என்று திரையில் காட்டினாளாம். வெள்ளைத்துரை நம்பவில்லை. புரோகிராம் 'மறைந்தவர் யார்?' என்று கேட்டதும், அவரையே டைப் அடிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒற்றை விரலால் 'சின்னான்' என்று அடித்தாராம். மாலைக்குள் அவர் அப்பா வந்ததும், அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டாராம்.
இதுக்கு ஜோக் எதுவும் வரல.

ஜூலை 3
கடையில் எல்லா ஆர்டரும் இப்போது அக்காவின் புரோகிராமில்தான். புதிதாக ஒன்று எழுதியிருக்கிறாள், சோதிக்க என் படம் வேண்டுமாம்.
எந்தப் பேனருக்கு என்று முதலில் கேட்டேன்.