பவுடர் பேணிக்குள் இருந்த தாலி

என் கோபத்தையெல்லாம் வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் போன என் அப்பா,

அம்மா கிடைத்துவிட்டார்!

முதலில் இதைச் சொல்லிவிட்டேன். சுகம் கேட்பது, மன்னிப்புக் கேட்பது எல்லாம் பிறகு. மூன்று நாளாக எனக்குக் கைகால் ஓரிடத்தில் நிற்கவில்லை. தேத்தண்ணிக்குச் சீனி என்று உப்பைப் போட்டேன். பம்பலப்பிட்டியில் இறங்கவேண்டியவள் பஸ்ஸிலேயே தெஹிவளை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். இந்தச் செய்தியை முதலில் கேட்கவேண்டியவர் நீங்கள். உங்களுக்குச் சொல்ல வழியில்லாததால் ஊருக்கே கேட்கும்படி எழுதுகிறேன்.

உங்களைப் பழித்ததையும் நான் இரகசியமாகச் செய்யவில்லையே? வெள்ளவத்தையில் நம்முடைய மாடிவீட்டுப் படிக்கட்டில் நின்று, நாலு மாடிக் கதவும் திறந்திருக்க, "அம்மாவை என்ன செய்தனீங்கள்?" என்று கத்தினவள் நான். சந்தியில் சொன்ன பழியைச் சந்தியில் நின்றுதான் திருப்பி எடுக்கவேண்டும்.

நாலு வருடத்துக்கு முந்திய அந்தச் செவ்வாய்க்கிழமையை நினைத்துப் பாருங்கள். காலையில் நான் போன் எடுத்தபோது "அம்மா குளிக்கிறா" என்றீர்கள். எதிர்வீட்டுக்காரி கேட்டதற்கு, "நுகேகொடைக்குச் சாமான் வாங்கப் போயிட்டா" என்றீர்கள். உங்கள் தங்கை, எங்கள் மாமிக்கு, "தெஹிவளையில ஒரு செத்தவீடு" என்றீர்கள். பொழுதுபட்ட பிறகுதான் எனக்குப் போன் எடுத்து, "பிள்ளை, கொம்மாவைக் காணேல்லை" என்றீர்கள். ஒரு நாளில் மூன்று பொய் சொன்ன மனிதரை யார் நம்புவார்கள், அப்பா?

பொலிஸ் வந்தது. படுக்கையறைக் கதவின் வெளிப்பக்கத்தில் புதிதாகப் பூட்டியிருந்த கொண்டியைக் கண்டது. எழுபத்திரண்டு வயது மனுசியை அறைக்குள் வைத்து அடைத்தீர்களா என்று கேட்டது. நீங்கள் அந்தக் கொண்டியையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு அலுமாரியைக் கிளறினார்கள். உடுப்புகளுக்குப் பின்னால், விளிம்பெல்லாம் கறள் பிடித்த அந்தப் பழைய தகரப் பவுடர் பேணி. அதற்குள் அம்மாவின் தாலிக்கொடி.

அதோடு எனக்கு எல்லாம் முடிந்தது. புருசன் உயிரோடு இருக்க அம்மா தாலியைக் கழற்றுவாரா? ஆஸ்பத்திரியில் படம் எடுக்கக் கழற்றச் சொன்னபோதே டொக்டரோடு சண்டை பிடித்தவர் அவர். "அவதான் கழட்டி வச்சிட்டுப் போனவ" என்றீர்கள். சார்ஜன்ட் சிரித்தார். "மாத்தயா, பொரு கியன்ன எப்பா" என்றார். பொய் சொல்லாதே என்று அவர் சிங்களத்தில் சொன்னதைத்தான் நான் பிறகு மூன்று வருடம் தமிழில் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்று அப்போதுதான் முதல்முதலாகச் சொன்னீர்கள். மறதியாம்! இரண்டு மாதத்துக்கு முதல் நடந்த கலியாணவீட்டில் வந்த சனம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மனுசிக்கு மறதியாம் என்று நான் கொதித்தேன். பக்கத்தில் நின்று ஒவ்வொரு பெயரையும் காதுக்குள் சொல்லிக் கொடுத்தது நீங்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோதும் சண்டைதான். பெரிய பொட்டு வைத்த படம், ராஜேஸ்வரி என்ற பெயர். "ரெஜினா எண்டும் போடு பிள்ளை" என்றீர்கள். அம்மா கொட்டாஞ்சேனையில் கத்தோலிக்க வீட்டில் ரெஜினாவாகப் பிறந்தவர் என்பது எனக்கும் தம்பிக்கும் தெரியும். உங்களைக் கட்டினதால் அந்த வீடு கதவை அடைத்துக்கொண்டது, நம்முடைய வீட்டில் அவர் ராஜேஸ்வரி ஆனார். அதற்கு மேல் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை. ஐம்பது வருடமாக யாரும் கூப்பிடாத பெயரை எதற்குப் போடச் சொல்கிறார், ஆட்களைக் குழப்பவா என்று நினைத்தேன். போடவில்லை. அப்பா, அந்த ஒரு சொல்லைப் போட்டிருந்தால்!

அதற்குப் பிறகு ஒவ்வொரு செவ்வாயும் நீங்கள் வெளுத்த சேர்ட் போட்டுக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் பஸ் ஏறத் தொடங்கினீர்கள். மாமி பின்னால் ஆள் விட்டுப் பார்த்தார். அங்கே கத்தோலிக்கக் கோயில் வாசலில் மெழுகுதிரி விற்கும் ஒரு மனுசிக்குப் பக்கத்தில் மணிக்கணக்காக இருந்து கதைக்கிறீர்களாம். "பாத்தியே, கிழவனுக்கு அங்க ஒருத்தி இருக்கிறாள்" என்று மாமி முடித்துவிட்டார். நானும் முடித்துவிட்டேன். அன்றைக்குத்தான் அந்தப் படிக்கட்டுக் கூத்து. நீங்கள் செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக வைத்துவிட்டு, "சாப்பிட்டியா பிள்ளை?" என்று மட்டும் கேட்டீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் கடைசியாகக் கேட்ட கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

ஏழு மாதத்துக்கு முதல் நீங்கள் கதிரையில் இருந்தபடியே போனீர்கள். வந்தேன், அழவில்லை. மாமி அந்தத் தாலியைக் கொண்டுவந்து உங்கள் பெட்டிக்குள் வைக்கச் சொன்னார். முடியாது என்று பறித்துக்கொண்டேன். அம்மா இருக்கிறாரா இல்லையா என்றே தெரியாது, இவரோடு சேர்த்து எரிக்க விடமாட்டேன் என்று கத்தினேன். பேணியோடு என் வீட்டு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். என் கோபம் செய்த ஒரேயொரு நல்ல காரியம் அதுதான்.

சரி, இனித்தான் கதை! போன செவ்வாய் நானே கொட்டாஞ்சேனைக்குப் போனேன். எதற்கு? உங்களுடைய அந்த 'ஒருத்தி'யைக் கண்டு நாலு கேள்வி கேட்க. ஏழு மாதம் மனதுக்குள் ஒத்திகை பார்த்த நாலு கேள்வி. வெயிலில் வியர்த்து வழிய, சனத்தை இடித்துக்கொண்டு போய், மெழுகுதிரி மேசைக்கு முன்னால் நின்றேன். எழுபது வயது இருக்கும். ஒரு கண்ணில் பூ விழுந்த, பல்லில்லாத ஒரு கிழவி! பெயர் பிலோமினா. என் முதல் கேள்வி அங்கேயே செத்துப்போனது.

நான் வாய் திறக்குமுன் அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க வெள்ளவத்தை ஐயாட மகளோ? அதே மூக்கு," என்றார். "ஐயா எங்க? கன நாளா காணேல்லை. நான் அவருக்கு மூண்டு கிழமையா போன் எடுக்கிறன், வேலை செய்யுதில்லை."

நீங்கள் இல்லை என்று சொன்னேன். கையில் இருந்த மெழுகுதிரிக் கட்டை அப்படியே மேசையில் வைத்துவிட்டுச் சிலுவை அடையாளம் போட்டார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து, "ஐயோ மகள், அவ வந்தவ! ரெஜினாம்மா வந்தவ!" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. பிலோமினா அக்கா மூச்சு விடாமல் சொன்னார். மூன்று கிழமைக்கு முதல் திருவிழாவுக்கு வத்தளைப் பக்கத்து முதியோர் இல்லத்திலிருந்து கன்னியாஸ்திரிகள் கிழடுகளை வானில் கூட்டி வந்தார்களாம். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு மனுசி மெழுகுதிரிக்குக் கை நீட்டியபோது, இடது மணிக்கட்டில் பிறை மாதிரி ஒரு சுட்ட தழும்பு. "ஐயா எனக்குச் சொல்லித் தந்தவர், மகள். முகத்தைப் பாக்காதேங்கோ, கிழமைக்குக் கிழமை மாறும், கையைப் பாருங்கோ, ரொட்டித் தாச்சி சுட்ட தழும்பு எண்டு. நாலு வருசமா நான் வாற போற எல்லாக் கிழவியிட கையையும்தான் பாத்துக்கொண்டிருக்கிறன்."

அப்பா! நாங்கள் இலட்சம் கண்ணுக்கு முன்னால் பொட்டு வைத்த படத்தைப் போட்டோம். நீங்கள் ஒற்றைக்கண் கிழவி ஒருத்தியிடம் ஒரு தழும்பைச் சொல்லி வைத்தீர்கள். யார் கெட்டிக்காரர்?

பிறகுதான் மற்றதெல்லாம் வந்தது. எனக்குச் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறீர்கள். பதிவாளர் முன் எழுத்துக் கலியாணம் முடித்து, சைவக் கோயிலில் தாலியும் கட்டிய பிறகு ஐந்து மாதம் அம்மா ஒன்றும் நடக்காத பிள்ளை மாதிரித் தகப்பன் வீட்டில் இருந்தாராம். செவ்வாய்க்கிழமை நவநாள் பூசைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வெள்ளவத்தைக்கு உங்கள் அறைக்கு வருவாராம். வந்தவுடன் தாலியைப் போட்டுக்கொள்வாராம். பின்னேரம் திரும்பும்போது பப்பா கண்டுவிடக்கூடாது என்று கழற்றிப் பவுடர் பேணிக்குள் வைத்துவிட்டுப் போவாராம்.

அந்தச் செவ்வாயும் அம்மா அதைத்தானே செய்திருக்கிறார்? ஐம்பது வருடத்தை மறந்துபோய், பப்பா தேடுமுன் வீட்டுக்குப் போகவேண்டும் என்று தாலியைக் கழற்றி வைத்துவிட்டு இறங்கியிருக்கிறார். பேணியைக் கண்டவுடன் உங்களுக்கு விளங்கியிருக்கிறது. நீங்கள் உண்மையைத்தான் சொன்னீர்கள். நாங்கள்தான் கொலைக்குச் சாட்சி என்று எடுத்துக்கொண்டோம்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?" என்று பிலோமினா அக்காவிடம்தான் கேட்டேன், உங்களிடம் கேட்க முடியாமல். "மறதி வந்தது பிள்ளையளுக்குத் தெரியக்கூடாது எண்டு ரெஜினாம்மா தன்ர தலையில கை வைப்பிச்சுச் சத்தியம் வாங்கினவவாம், மகள். வெளிய போய் ரோட்டில நிண்டிடுவா எண்டுதான் கொண்டி போட்டவராம். அண்டைக்குக் காலமை கடைக்குப் பாண் வாங்கப் போகேக்க அதைப் போட மறந்து போனாராம். அதைச் சொல்லிச் சொல்லித்தான் அழுவார்."

மூன்று பொய்யும் அதற்குத்தானே, அப்பா? பொழுதுபடுமுன் கண்டுபிடித்துக் கூட்டி வந்துவிடலாம், யாருக்கும் தெரியாமல் விட்டுவிடலாம் என்று. உங்கள் சத்தியமும் உங்கள் பிடிவாதமும்! ஒரு சொல்லு என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? சரி, நான் கேட்கிற மாதிரியா கேட்டேன்?

அடுத்த நாள் பேணியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வத்தளைக்குப் போனேன். அந்தச் செவ்வாய் பின்னேரம் கோயிலுக்குள் தனியாக அழுதுகொண்டிருந்த மனுசியை அங்கே வந்திருந்த கன்னியாஸ்திரிகள் கூட்டிப் போயிருக்கிறார்கள். பெயர் ரெஜினா, தகப்பன் துறைமுகத்தில் கிளார்க், வீடு கொட்டாஞ்சேனை. அவர் சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் ஐம்பது வருடத்துக்கு முந்திய உண்மை. நாங்களோ ராஜேஸ்வரியைத் தேடிக்கொண்டிருந்தோம்.

மாமரத்துக்குக் கீழே இருந்தார். மெலிந்துவிட்டார், பொட்டில்லை, தலைமயிர் கட்டையாக வெட்டியிருந்தது. என்னைத் தெரியவில்லை, அப்பா. "வாங்கோ மிஸ், இருங்கோ" என்றார். சிரித்தேன். பேணியை எடுத்து மடியில் வைத்தேன்.

பார்த்தவுடன் இரண்டு கையாலும் மூடிக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். "இது உமக்கு எப்பிடி? அவர் தந்து விட்டவரோ?" என்றார்.

"ஓம்," என்றேன்.

"பப்பாட்ட சொல்லிப்போடாதேயும்."

"சொல்லமாட்டன்."

மூடி இறுகியிருந்தது, நான் திறந்துவிட்டேன். தாலியை எடுத்துத் தானே கழுத்தில் போட்டு, சட்டைக்குள் மறைத்து, மேலே ஒரு தட்டுத் தட்டினார். முகத்தில் அப்படி ஒரு கள்ளச் சிரிப்பு! உங்களுக்காகப் பொய் சொல்லி வந்த அந்தப் பெட்டையை நான் அன்றைக்குத்தான் முதன்முதலில் கண்டேன். தம்பி கனடாவிலிருந்து வீடியோவில் பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அப்பாவை நாங்கள் என்ன பாடு படுத்தினனாங்கள்" என்று சின்னப் பிள்ளை மாதிரி விம்மினான்.

மாமிக்குச் சொன்னேன். அழுது முடித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "புருசன் செத்த பிறகு தாலி போடுறதோ பிள்ளை, சனம் என்ன சொல்லும்?" என்பது. சனம் சொன்னதைக் கேட்டுத்தானே இவ்வளவும் நடந்தது என்றேன். உங்கள் படத்துக்கு நேற்று மாமிதான் பூமாலை கொண்டுவந்து போட்டார்.

நான் புறப்படும்போது அம்மா என் கையைப் பிடித்துக் குனியச் சொன்னார். காதுக்குள், "நான் அவரிட்ட சொல்லாமல் வந்திட்டன். அவர் ஏசினவரோ?" என்று கேட்டார்.

"இல்லை. அவர் ஒரு நாளும் ஏசேல்லை. நான்தான் ஏசினனான்."

"அப்ப நீர் மன்னிப்புக் கேளும்," என்றார் அம்மா. "அவர் நல்லவர். உடன மன்னிப்பார்."

அதுதான் கேட்கிறேன், அப்பா. கொண்டி போட மறந்ததற்காக நீங்கள் அழுதது போதும். அம்மா பத்திரமாக இருக்கிறார். நீங்கள் இல்லை என்று அவருக்கு நான் சொல்லப்போவதில்லை, அந்தத் தாலியைத் தொட ஒருவரையும் விடப்போவதுமில்லை. இனி ஒவ்வொரு செவ்வாயும் உங்களுடைய பஸ்ஸில் ஏறிப் போய், நீங்கள் தேடிக்கொண்டிருந்த ஆளுக்குப் பக்கத்தில் நான் இருப்பேன். போகும்போது நீங்கள் என்னிடம் கேட்ட அந்தக் கேள்விக்கும் பதில் கொண்டுபோவேன். சாப்பிட்டேன் அப்பா. நேற்று அம்மாவோடு இருந்து, ஒரே சோற்றுக் கோப்பையில் சாப்பிட்டேன்.

உங்கள் மூக்கும் பிடிவாதமும் அப்படியே வந்து சேர்ந்த,
மூத்தவள்.